கதவுக்குள் இருக்கும் கோடு

போன வாரம் என் போனில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. பழைய கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு ஒன்றில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். க்ரீமும் மெரூனும் கலந்த ஆங்கிலேயச் சொகுசு கார். நீண்ட மூக்கு, உருண்ட பின்பக்கம், உள்ளே மரப்பலகை பதித்த டேஷ்போர்டு. கீழே ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். 'உண்மையான கிளாசிக். எல்லாமே ஒரிஜினல். சென்னை வெள்ளத்தின்போது இந்த வண்டி பெங்களூரில் இருந்தது.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவள் நான். நாலு வருடத்துக்கு முன்னால், கோட்டூர்புரத்தில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினேன். அது பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப் போட்டு, வண்டியை இப்போது யாரிடமோ விற்கப் பார்க்கிறார்கள். போனைக் கட்டிலில் விசிறி அடித்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டால், வரிசையில் முதல் ஆள் நான். அப்புறம் அந்த வக்கீல். அப்புறம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்த ஒரு போட்டி நடுவர். நாலாவதாகக் கோபப்பட வேண்டிய இடத்தில் ஒரு டிரைவர் நிற்கிறார். அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

குள்ளமான ஆள். ஐம்பது வயதுக்கு இந்தப் பக்கம். வலது கை மட்டும் முழங்கை வரை கறுத்திருக்கும், இத்தனை வருடம் கார் ஜன்னலில் வெயில் காய்ந்ததால். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் சின்னத் திருப்புளி ஒன்று செருகியிருப்பார். சாயங்காலப் பேப்பரை கேட் ஓரம் நின்று, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் மடித்து, "பாதி பொய்யி" என்பார். எந்தப் பாதி என்று சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரே வியாதிதான். அந்தக் காரைப் பற்றி யார் என்ன பொய் சொன்னாலும் பொறுக்காது. தன்னைப் பற்றிச் சொல்லட்டும், முதலாளியைப் பற்றிச் சொல்லட்டும், நாட்டைப் பற்றிச் சொல்லட்டும், கண்டுகொள்ள மாட்டார். வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. அந்த நிமிடமே, அந்த இடத்திலேயே, யார் முன்னால் என்று பார்க்காமல் மறுத்துவிடுவார்.

காரை அவர் 'துரை' என்றுதான் சொல்வார். "தொரைக்கு இன்னிக்கி மூடு சரியில்ல" என்றால் கார்புரேட்டரில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

நான் அங்கே போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு மாதம் உட்கார்ந்து, பிடிக்காமல் எழுந்து வந்தவள். நங்கநல்லூரிலிருந்து தினம் ஸ்கூட்டரில் வருவேன். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று வருடா வருடம் போட்டி நடத்தும். அதில் 'உண்மையான கிளாசிக்' என்று ஒரு தனிப் பிரிவு. அதில் சேர வெறும் வயது போதாது. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்த வேண்டும். உடம்பு வெட்டி ஒட்டாததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டி பிறந்ததிலிருந்து இன்றுவரை எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, என்ன ஆனது என்று அறுபடாத வரலாறு ஒன்று எழுத்தில் வேண்டும். அந்த வரலாற்றை எழுதத்தான் வக்கீல் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். விதிகள் எனக்கு மனப்பாடம். கார் என்றால் உயிர். வேறு தகுதி எதுவும் கிடையாது.

முதல் நாள், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உற்சாகமாகக் கேட்டேன்.

"இந்த டேஷ்போர்டு ஒரிஜினல்தானே அண்ணே?"

"ஒரிஜினல்னா இன்னா?"

"ஃபேக்டரிலேர்ந்து வரும்போதே இருந்தது."

மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ ஒரிஜினலா?"

"என்னது?"

"பொறக்க சொல்லோ பல்லு இருந்திச்சா ஒனக்கு?"

நான் முழித்தேன். அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரு சுற்று நடந்தார். "எயுதிக்கோ இஞ்சினீரு. ஸ்டேரிங்கு ஒரிஜினலு. முன் கண்ணாடி ஒரிஜினலு. பின் கண்ணாடி நம்மூர்ல அறுத்தது. வைப்பர் மோட்டாரு லாரிது, புதுப்பேட்டைல புட்சேன். ஹாரனு எதுதுன்னு எனக்கே தெரியாது. டிரைவரு டூப்ளிகேட்டு. ஒரிஜினல் டிரைவரு செத்துட்டாரு."

அன்றிலிருந்து நான் 'இஞ்சினீரு'தான். அதில் மரியாதை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

சாருக்கு விருந்தாளிகளைக் கூட்டிவந்து காரைக் காட்டுவது பிடிக்கும். பின் சீட்டின் தோலைத் தடவிக்கொண்டே ஒரு கதை சொல்வார். "இந்த சீட்ல ஒரு மகாராஜா உக்காந்து ஊட்டி வரைக்கும் போயிருக்கார்." சொல்லி முடித்து, அது விருந்தாளிகளுக்குள் இறங்க ஒரு மௌனம் கொடுப்பார். அந்த மௌனத்துக்குள் இவர் புகுந்துவிடுவார்.

"மகாராஜா யாரும் ஒக்காரல சார். முன்ன இருந்த ஓனரோட நாயி ஒக்காந்துகினு போவும். அது பிராண்டுனதுதான் இந்தக் கோடு."

விருந்தாளிகள் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். "என் டிரைவர் பெரிய ஜோக்கர்" என்பார். உள்ளே போனதும் சத்தம் கேட்கும். இவர் வெளியே நின்று துரையின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார், எதுவும் நடக்காத மாதிரி.

ஒரு தடவை மயிலாப்பூர் குளத்தங்கரை ஓரம் சினிமாக்காரர்கள் காரைக் கேட்டார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய கதையாம். எல்லாம் பேசி முடித்து, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, கதாநாயகி ஏறி உட்கார்ந்தும் ஆகிவிட்டது. டைரக்டரின் உதவியாளன் ஒருவன் சும்மா இருக்காமல், "அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் இதுலதான் போவான், இல்ல?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"எந்தக் காலத்துல? வெள்ளக்காரன் மூட்ட கட்டிகினு போயி எத்தினியோ வருசம் கயிச்சிதான் தொர பொறந்துச்சி."

அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். கதாநாயகியை இறக்கினார்கள். படப்பிடிப்பு போயிற்று. அந்தப் படத்தின் டைட்டிலில் தன் கார் பெயர் வரும் என்று சார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூன்று நாள் இவரோடு பேசவில்லை. "வாயை வெச்சிட்டுச் சும்மா இருந்தா என்ன அண்ணே?" என்று கேட்டேன். "தொரைக்கு வாய் கீதா? அதுக்குத்தான் நான்" என்றார்.

இவரை ஒரு வெள்ளந்தியான மனிதர் என்று யாராவது நினைத்தால் அதுவும் தப்பு. கடுகடுப்பான ஆள். நான் சாவியைத் தொட்டால் கத்துவார். கிளட்சில் கால் வைத்தால், "தொரை இன்னா ஒங்க மாமன் வூட்டு மாடா?" என்பார். எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார். கேட்டால், "நீதான் படிச்சிகினு வந்தியே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாரத்தில் இரண்டு நாளாவது அவரைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்புவேன். ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை இப்போது சொல்வது கேவலமாக இருக்கிறது.

வரலாறு எழுதி எழுதி அந்த டிசம்பர் வெள்ளத்துக்கு வந்தேன். "வெள்ளத்தப்போ வண்டி எங்க அண்ணே இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். இடது பின்கதவைத் திறந்து, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றினார். நாலு ஸ்க்ரூ. கதவின் உள்பக்கத்தில் தோல் போர்த்திய பலகை ஒன்று இருக்கும். அதை நெம்பித் தனியே எடுத்தார். உள்ளே வெறும் தகரம். மேல் பாதி பழைய ஆலிவ் பச்சை அடிப்பூச்சு. நடுவில் பழுப்பாக ஒரு கோடு, கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. கோட்டுக்குக் கீழே காய்ந்த வண்டல், விரல் வைத்தால் ஒட்டும் அளவுக்கு.

"அடையாறு" என்றார்.

மற்ற கதவுகளில் அதை உரசி எடுத்துவிட்டாராம். இதில் மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார். "வந்தத வந்துச்சின்னு சொல்ல எதுனா ஒண்ணு இருக்கணும்ல" என்றார்.

பிறகுதான் சொன்னார், வேறு யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி. அப்போது அவர் வீடு ஆற்றோரம், பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த குடிசைப் பகுதியில். சார் ஒரு கேஸ் விஷயமாகப் பெங்களூர் போயிருந்தார். அங்கேயிருந்து போன். "வண்டியப் பாத்துக்கோ." விடிகாலையில் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது இவர் சார் வீட்டு ஷெட்டில் இருந்தார். அதே நேரம் மனைவியிடமிருந்து போன். தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, வந்து தையல் மெஷினைத் தூக்கு, பத்திரங்களை எடு. இவர் ஷெட்டை விட்டுத் தெருவுக்கு வந்து நின்றார். ஒரு பக்கம் போனால் வீடு, பத்து நிமிட நடை. இன்னொரு பக்கம் ஷெட். ஷெட்டுக்குப் போனார். அந்தப் பகுதி ஆட்கள் நாலு பேரைப் பிடித்து, கதவின் பாதி உயரம் தண்ணீர் நிற்கும்போது, துரையைத் தள்ளிக்கொண்டுபோய் காந்தி மண்டபம் ரோட்டு மேட்டில் ஏற்றினார். திரும்பி வந்து பார்த்தபோது, மனைவியும் பிள்ளையும் பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள். வீடு இல்லை. சுவர்கூட இல்லை.

அப்புறம் அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, துரையை முழுக்கப் பிரித்து, பல் தேய்க்கும் பிரஷால் வண்டலை எடுத்து, வெயிலில் காயவைத்து மறுபடி பூட்டினார். ஏழு மாதம்.

"இத்த எயுது" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. பெயர் போடச் சொல்லவில்லை, பாராட்டச் சொல்லவில்லை. "தண்ணி வந்துச்சி, வெளிய எடுத்தோம். அத்த மட்டும் எயுதிடு."

எழுதினேன். அரைப் பக்கம். என் வாழ்க்கையில் எழுதிய நல்ல அரைப் பக்கம் அது. கோட்டைப் படம் பிடித்துச் சேர்த்தேன்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை.

"வெள்ளத்துல நின்ன வண்டின்னு ஒரு வரி வந்தா அந்தப் பிரிவுலயே எடுக்க மாட்டாங்கம்மா. உனக்குத் தெரியாததா?"

"ஆனா நடந்தது சார்."

"பொய் எழுதச் சொல்லலையே. இந்த அரைப் பக்கத்தை எடுத்துடு."

"அந்த வருஷம் வண்டி எங்கன்னு கேப்பாங்களே சார்?"

"பெங்களூருக்கு சர்வீஸுக்குப் போச்சு இல்ல? அது உண்மைதானே. தேதி கொஞ்சம் முன்னப் பின்ன. நல்லா எழுதற நீ. சங்கத்துல இன்னும் பன்னெண்டு வண்டிக்கு வரலாறு எழுத ஆள் தேடறாங்க. உன் பேரைச் சொல்லிருக்கேன்."

பெங்களூரில் இருந்தது சார். வண்டி அடையாற்றில் இருந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட எனக்குச் சரியாக ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. கடைசிப் பக்கத்தில் 'ஆவணம் தயாரித்தவர்' என்று போட்டு, என் பெயர் தடித்த எழுத்தில். பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு கோழை என்று என்னை மன்னித்துவிடலாம். அடுத்து நான் செய்ததற்கு மன்னிப்பு கிடையாது.

அச்சடித்து வந்ததும் டிரைவர் கேட்டார். "அந்த வெள்ளத்து விசயம் எங்க கீது? படி, கேக்கலாம்." அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. பதினொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். 'பெங்களூரில் இருந்தது' என்ற வரியில் விரலை வைத்தேன். வைத்துக்கொண்டு தமிழில், வாய்கூசாமல், சார் வெட்டச் சொன்ன அரைப் பக்கத்தை ஒப்பித்தேன். தண்ணீர் வந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மேட்டில் ஏற்றினார்கள். ஏழு மாதம் காயவைத்தார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "கரீட்டு" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது அந்த ஒரே தடவைதான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். வரிசையாகப் பழைய கார்கள், பந்தல், காபி, தொப்பி போட்ட பெரிய மனிதர்கள். சார் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். இவருக்கும் புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள். அதன் பையிலும் திருப்புளி.

நடுவர் வந்தார். வயதானவர், நல்லவர் மாதிரிதான் இருந்தார். எண்களைச் சரிபார்த்தார். வரலாற்றைப் புரட்டினார். பதினொன்றாம் பக்கத்தில் நின்று, டிரைவர் பக்கம் திரும்பி, அவரையும் ஒரு மனிதராக மதித்துப் பேசுகிற பெருந்தன்மையில், தமிழில் சொன்னார்:

"வெள்ளத்தப்போ பெங்களூர்ல இருந்துச்சாமே! அதிர்ஷ்டக்கார வண்டிய்யா."

டிரைவர் நடுவரைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் வாங்கின பாகத்தைத் திருப்பித் திருப்பி, போலியா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பொய்யி சார்" என்றார்.

இடது பின்கதவைத் திறந்தார். திருப்புளியை எடுத்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?" சார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருங்க சார்."

"விளையாடாதே. கதவை மூடு."

முதல் ஸ்க்ரூ. இரண்டாவது. சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சார் அவர் தோளைப் பிடித்தார். இவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மூன்றாவதைக் கழற்றினார். கைப்பிடி, பலகை. எல்லாவற்றையும் புல்லின் மேல் அழகாக வரிசையில் வைத்தார். பிறகு நகர்ந்து நின்றார். வெயில் நேராகக் கதவுக்குள் அடித்தது. கோடு பளிச்சென்று தெரிந்தது.

"பாருங்க" என்றார்.

இந்த இடத்தில் வண்டியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. நடுவர் குனியவில்லை. கழுத்தை ஒரு அங்குலம்கூடத் திருப்பவில்லை. கையிலிருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டே, மெதுவாக, "மூடிடுப்பா. உள்பக்கம் பாக்கணும்னு விதி இல்ல. வரலாறு எழுத்துல இருக்கே, அது போதும்" என்றார்.

எழுத்தில் இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

துரைக்குக் கோப்பை கிடைத்தது. கைத்தட்டினார்கள். அதற்கு முன்பே இவர் பலகையைத் திரும்பப் பொருத்தியிருந்தார், நாலு ஸ்க்ரூவும் இறுக்கி, கைரேகையைத் துடைத்து. சாவியைச் சார் கையில் கொடுக்கவில்லை. பானெட் மேல் வைத்தார். துரையை ஓட்டிய பதினெட்டு வருடத்தில் அந்தப் பெயின்ட் மேல் அவர் ஒரு பொருளை வைத்ததாக யாரும் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடவில்லை. கோப்பையோடு எடுத்த படத்தில் மூன்றாவது ஆளாக நிற்கிறேன். சிரித்துக்கொண்டு.

பன்னிரண்டு வண்டிகளில் இரண்டுக்கு வரலாறு எழுதினேன். மூன்றாவது வண்டியின் கதவைப் பார்த்ததும் நோட்டை மூடினேன். விட்டுவிட்டேன்.

விளம்பரம் வந்த மறுநாள், அந்த அரைப் பக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். வண்டியை வாங்கப்போகிற எல்லாருக்கும் இது போக வேண்டும், அவர் பெயரோடு போக வேண்டும் என்று ஒரே வேகம். அவர் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி. உள்ளே ஒரு தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த ரவிக்கை.

"யாருமா?"

அவர் உள்ளேயிருந்தே பார்த்தார். "இஞ்சினீரு" என்றார். "பெங்களூரு இஞ்சினீரு."

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்தார். தாளை நீட்டி, "படிச்சுக் காட்டட்டுமா அண்ணே?" என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்ததோ!

"இன்னாது? நீயா? குடு இங்க."

வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி, விரலை ஓட்டிக்கொண்டு, உதடு அசையப் படித்தார். சாயங்காலப் பேப்பர் படிக்கிற அதே வேகம். "மொதல்லயே தமில்ல எயுதி இருந்தா நானே படிச்சிருப்பேன்" என்றார் நடுவில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு வரியில் விரல் நின்றது.

"இது இன்னா? 'தன் வீட்டைத் தியாகம் செய்து காரைக் காப்பாற்றினார்.'"

"அதுதானே அண்ணே நடந்தது..."

"பொய்யி."

"எப்படி அண்ணே பொய்?"

குரல் உயர்ந்தது. "தியாகம்னு நான் எப்போ சொன்னேன் ஒன்கிட்ட? தெருவுல நின்னேன். இந்தாண்ட வூடு, அந்தாண்ட வண்டி. பொஞ்சாதி போன்ல கத்திகினே கீது. நான் வண்டிக்குப் போனேன். தப்பு பண்ணேன். வூட்டுக்குத்தான் போயிருக்கணும். போயிருந்தா மெஷினத் தூக்கியிருப்பேன், பத்திரத்த எடுத்திருப்பேன். அத்தப் போயி தியாகம்ங்கிற. அடி அத்த!"

மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கையில் ரவிக்கையோடு அப்படியே நின்றிருந்தார்.

"பத்து வருசம்மா" என்றார் என்னிடம், அவரைப் பார்க்காமல். "பத்து வருசமா கேக்கறேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா இத்தச் சொல்லுய்யான்னு. வாயத் தொறந்தது இல்ல. இன்னிக்கி ஒன் பேப்பரப் பாத்து கோவம் வந்து சொல்றாரு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இந்த மனுசனுக்குத் தொரையப் பத்திச் சொன்னாத்தான் உண்ம வரும்போல."

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். திருப்புளி இல்லை, இப்போது பேனா இருந்தது. வேனில் குழந்தைகள் வருகையைக் குறிக்கிற பேனா. அந்த வார்த்தையை அவரே அடித்தார். ஒரு தரம் அடித்து, போதாமல், மேலே இன்னொரு தரம்.

"பேரு போட்டுக்கவா அண்ணே?"

"வேணாம். பேரு போட்டா எதோ பெரிய ஆளுன்னு நெனச்சிக்குவானுங்க. அதுவும் பொய்யி."

கதவு வரை வந்தார். "நீ உள்ள வந்து டீ குடிக்கலன்னு எதுனா எயுதிகினு கெடக்காத. நான்தான் குடுக்கல" என்று சொல்லிவிட்டுச் சாத்தினார்.

அதனால் பெயர் போடவில்லை. தியாகமும் இல்லை. அந்த க்ரீம்-மெரூன் காரை வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளத்தின்போது அது பெங்களூரில் இல்லை. இடது பின்கதவு. ஒரு கைப்பிடி, நாலு ஸ்க்ரூ. போகும்போது ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போங்கள்.